நூற்றாண்டு மலரில் எங்கள் ஐயருக்கு என்ன எழுதுவது?

கடலோரத்தான்:

எங்கள் சேகரத்தில் நூற்றாண்டு மலர் போடுகிறார்கள். சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் கிடக்கிற ஊர்கள் எங்களுடையவை. ஒரு தாய்ச்சபை, சுற்றிலும் சின்னச் சின்னக் கிராம சபைகள், எல்லாம் ஒரே குருவானவர் பொறுப்பில். அதைத்தான் சேகரம் என்போம். இதுவரை இருந்த குருமார்களின் பட்டியல் மலரில் வருகிறது. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரேயும் அவர் காலத்துத் திருப்பணி. இவர் காலத்தில் மணிக்கூண்டு, அவர் காலத்தில் சுற்றுச்சுவர், இன்னொருவர் காலத்தில் குருவானவர் குடியிருக்கும் குருமனையும் டைல்ஸும். போன பங்குனியில் இறந்துபோன எங்கள் ஐயர் (குருவானவரை இங்கே ஐயர் என்றுதான் கூப்பிடுவோம்) பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை, ஆண்டுகள் மட்டும்தான். மலர்க்குழுவில் இருக்கிற அண்ணனிடம் கேட்டேன். "அவரு எதுவும் கட்டலையேப்பா, என்னத்த எழுத" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல மனிதரே அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

ஐயர் ராமநாதபுரத்துக்காரர். அப்துல் கலாம் படித்த அதே சுவார்ட்ஸ் பள்ளியில் படித்து, மதுரை அரசரடியில் இறையியல் முடித்து, இளவயதில் எங்களிடம் வந்தார். மாற்றலாகிப் போனார். பல வருஷம் கழித்து, யாரும் கேட்டு வாங்காத எங்கள் சேகரத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். முதல் தடவை வந்தபோது பல ஊர்களுக்கு ரோடே கிடையாது, சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டுதான் வருவார் என்று அம்மா சொல்வார்.

பதநீர்க் காலத்தில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். ஆம்பிளைகள் விடியுமுன் மரத்தில், சாயங்காலம் மறுபடி மரத்தில். இறக்கிய பதநீர் புளிக்குமுன் காய்ச்சியாக வேண்டும், அதனால் பொம்பிளைகள் காலையிலிருந்து மதியம் தாண்டியும் விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சுகிற குடிசையில், அடுப்புப் புகையில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பாதிப் பேர் வர முடியாது. வேறு சிலர் பிரசங்கத்தில் இதைக் கண்டித்துப் பேசியிருக்கிறார்கள். இவர் ஆராதனையை முடித்துவிட்டு நேரே விடிலிகளுக்குப் போய்விடுவார். எங்கள் விடிலியில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா தலையில் முக்காடு போட்டு, கண்ணை மூடி அழுதுகொண்டிருக்கிறார், ஐயர் ஜெபம் பண்ணுகிறார், தாச்சியில் பதநீர் பொங்கி விளிம்புக்கு வந்துவிட்டது. ஐயர் ஜெபத்தை நிறுத்தாமலேயே ஒரு கையால் பக்கத்திலிருந்த நசுக்கின ஆமணக்கு முத்தை எடுத்துப் போட்டார். பொங்கல் அடங்கியது, ஜெபமும் தொடர்ந்து நடந்தது. அன்றைக்குக் கருப்பட்டி வீணாகியிருந்தால் அந்த ஜெபத்தால் எங்களுக்கு என்ன ஆறுதல் கிடைத்திருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதையெல்லாம் மலரில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? உங்கள் சபைகளில் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எப்படி எழுதினார்கள் என்று சொல்லுங்கள்.

பரமக்குடி நண்பன்:

உங்கள் வருத்தம் புரிகிறது தம்பி. ஆனால் கட்டடம் கட்டியவர்களை இப்படி ஓரமாகத் தள்ளிவிட வேண்டாம். எங்கள் சபையில் ஓடு ஒழுகி, மழைக்காலத்தில் திருவிருந்து மேசையை இடம் மாற்றி மாற்றி வைத்திருக்கிறோம். ஒரு ஐயர் வந்தார், வீடுவீடாக ஏறி இறங்கினார், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் போன் போட்டார், ஏச்சும் வாங்கினார், ஆலயம் நிமிர்ந்தது. அதுவும் ஊழியம்தான்.

இன்னொன்று. உங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்கள் பல இன்னும் புறம்போக்கில் இருக்கின்றன. பட்டா வாங்குவது பெரிய வேலை, தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டும். வீடு சந்திப்பில் ஆர்வமாக இருக்கிற குருமார் இந்த அலைச்சலைத் தொடுவதில்லை, பின்னால் வருகிறவர்கள் தலையில் அது விடிகிறது. உங்கள் ஐயர் பட்டா வாங்கினாரா?

கடலோரத்தான்:

வாங்கவில்லை அண்ணா. அது அவர் குறைதான், மறைக்க மாட்டேன். கணக்கு, ரசீது, தாலுகா ஆபீஸ் எதிலும் அவருக்கு மனம் ஒட்டாது. சேகரக் கமிட்டியில் அவரைப் பற்றி வந்த புகார்களில் பாதி நியாயமான புகார்.

பழைய ஏடு:

இந்தப் பட்டியல் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. 1733ல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன்தான் இந்தியாவில் முதல் சுதேசி புராட்டஸ்டண்டு குரு. கடலூர்க்காரர். 1745ல் இறக்கும்வரை கிராமம் கிராமமாக நடந்தார். அவரைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பகுதி ஐரோப்பிய மிஷனரிகள் அனுப்பிய அறிக்கைகளில் இருப்பதுதான். 1790ல் குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிப் பக்கம் ஊழியம் செய்த சத்தியநாதனுக்கும் கிட்டத்தட்ட அதே கதை. மேலே உள்ளவர்களுக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்ததால் எண்ணிச் சொல்லக்கூடியதுதான் எழுத்தில் ஏறியது: எத்தனை ஞானஸ்நானம், எத்தனை பள்ளி, எத்தனை கட்டடம்.

ராமநாதபுரம் பக்கம் ஆங்கிலிகன் எஸ்.பி.ஜி. (சுவிசேஷம் பரப்பும் சங்கம்) மிஷனும், மதுரையைச் சுற்றி 1834ல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனும் வேலை செய்தன. இரண்டின் வாரிசுகளும் 1947 செப்டம்பர் 27ல் சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்குள் ஒன்றாயின. வெள்ளைக்காரர் போய்விட்டார்கள், அறிக்கைப் படிவம் மட்டும் நம் மலர்களில் அப்படியே இருக்கிறது.

ஒரு கேள்வி. உங்கள் ஐயர் அசன விழாவில், அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் பொதுப்பந்தியில், எப்படி நடந்துகொண்டார்? 1847ல் அமெரிக்க மதுரை மிஷன், சாதியை விட்டதற்கு அடையாளமாக எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று சொன்னபோது உபதேசியார்களிலேயே பலர் விலகிப் போனார்கள். இந்த மாவட்டத்தில் 1957ல் நடந்த முதுகுளத்தூர் சாதிக் கலவரம் எல்லோருக்கும் தெரியும். ஒரு கிராமக் குருவை எடைபோட நான் முதலில் பார்ப்பது பந்தியைத்தான்.

கடலோரத்தான்:

பந்தியில் அவர் கடைசியாகத்தான் உட்காருவார் ஐயா, அதுவும் பறையடிக்க வந்தவர்கள் பக்கத்தில். இதைப் பெரிய புரட்சியாகவெல்லாம் அவர் சொல்லிக்கொண்டதில்லை. முதல் வருஷம் சிலர் இலையை விட்டு எழுந்து போனார்கள். அடுத்த வருஷமும் எழுந்தார்கள். மூன்றாவது வருஷம் பசி ஜெயித்ததோ வெட்கம் ஜெயித்ததோ, உட்கார்ந்துவிட்டார்கள் என்று அப்பா சொல்வார்.

குருமனைப் பிள்ளை:

நானும் ஒரு கிராமக் குருவின் மகள், வேறு சேகரம். அப்பாவைப் பற்றி எல்லோரும் நல்லது சொல்லும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த நல்லதுக்கு யார் செலவு செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மாற்றல் உத்தரவு வரும், சாமான்களைக் கட்டுவோம், புதுப் பள்ளிக்கூடத்தில் மறுபடி முதலிலிருந்து. நான் படித்த பள்ளிகளை வரிசையாகச் சொன்னால் என் கணவர் நம்ப மாட்டார்.

அம்மாவுக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் பெண்கள் ஐக்கிய சங்கம் அம்மா தலைமையில்தான் நடக்க வேண்டும், பிரசவமானாலும் சாவானாலும் ஐயரம்மா முதலில் போய் நிற்க வேண்டும், குருமனைக்கு யார் எப்போது வந்தாலும் சாப்பாடு இருக்க வேண்டும். நாங்கள் இருந்த ஊரில் தண்ணீர் ஒரு மைல். அந்தப் பக்கத்துப் பொம்பிளைகள் எல்லோரும் போல அம்மாவும் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தள்ளிக்கொண்டு வருவார். ஐயரம்மா வண்டி தள்ளலாமா என்று ஒரு பெரியவர் கேட்டாராம். அப்படியென்றால் நீங்கள் தள்ளுங்கள் என்று அம்மா சொன்னதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பெருமை.

ஓய்வு பெற்றதும் குருமனையைக் காலி செய்ய வேண்டும். காலமெல்லாம் மற்றவர்கள் வீட்டுப் பிரதிஷ்டைக்கு ஜெபம் பண்ணியவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை. கடலோரத்தான் அண்ணா, மலரில் உங்கள் ஐயருக்கு ஒரு பக்கம் கிடைத்தால் அதில் பாதியை அந்த அம்மாவுக்குக் கொடுங்கள்.

கீழக்கரை ரஹ்மத்:

ஸலாம். எனக்கு உங்கள் சபை விஷயம் தெரியாது, ஆனால் ஆள் யாரென்று புரிந்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் வாப்பா கடை போட்டிருந்தார். ஒரு நாள் விடியற்காலை உங்கள் ஐயர் அங்கி கூட இல்லாமல், கைலியோடு வந்து கதவைத் தட்டினார். பனையிலிருந்து ஒருவர் விழுந்துவிட்டார், முதுகு. உடனே வேன் வேண்டும். வாப்பா வேனை எடுத்தார், ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுவதும் ஐயர் அந்த ஆளை ஒரு பலகையில் அசையாமல் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தாராம். அந்த ஆள் பிழைத்தார், நடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு நல வாரியத்தில் உதவித்தொகை வாங்கித் தர ஐயர் அலைந்த அலைச்சல் வாப்பாவுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு தடவை போகும்போதும் எங்கள் கடையில்தான் டீ.

பரமக்குடி அண்ணன் பட்டாவுக்கு அலையவில்லை என்றார். இதற்கு அலைந்திருக்கிறார். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

சத்திய சாட்சி:

இறந்தவரைப் புகழ்வது எளிது. எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு, அதையும் இங்கே வைக்கிறேன். தற்கொலை செய்துகொண்ட ஒருவருக்கு இந்த ஐயர் ஆலயத்தில் வைத்து முழு அடக்க ஆராதனை நடத்தினார், கமிட்டி எதிர்த்தும் கேட்கவில்லை. திருச்சபை ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது. குருவானவரே அதை மீறினால் இளைஞர்களுக்கு என்ன செய்தி போகிறது?

கடலோரத்தான்:

நடந்தது உண்மை. அந்தச் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர்.

இறந்தவர் பனையேறி. மழைக்காலத்தில் மரத்தில் வேலை கிடையாது. அப்போது வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால்தான் அடுப்பு எரியும், பதநீர்க் காலம் வந்ததும் அவர் சொல்கிற விலைக்கே கருப்பட்டியைப் போட்டுக் கடனைக் கழிக்க வேண்டும், கழியவே கழியாது. இந்தக் கரையில் இது பல குடும்பங்களின் கதை. அந்த வருஷம் பாளை சரியாக வரவில்லை. அவ்வளவு சொன்னால் போதும்.

கமிட்டியில் மணி அடிக்கக் கூடாது, ஆலயத்துக்குள் கொண்டுவரக் கூடாது, வேலியோரம் வைத்துவிடலாம் என்றார்கள். ஐயர் சண்டை போடவில்லை. மணிக்கயிற்றைத் தானே பிடித்து அடித்தார், வெள்ளை அங்கி போட்டார், வீட்டிலிருந்து ஆலயத்துக்கும் ஆலயத்திலிருந்து கல்லறைக்கும் பெட்டிக்கு முன்னால் நடந்தார். பிரசங்கத்தில் அந்தக் கடன் எவ்வளவு என்று தொகையைச் சொன்னார், அதைக் கொடுத்த வியாபாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கடனை யாரும் கேட்டு வரவில்லை. அந்த விதவையின் மகன் இன்றைக்கு ராமேஸ்வரத்தில் ஆசிரியர். இளைஞர்களுக்கு என்ன செய்தி போகிறது என்று கேட்டீர்கள். எனக்குப் போன செய்தி, கஷ்டம் வந்தால் இந்த ஆளிடம் போய்ச் சொல்லலாம், கதவைச் சாத்த மாட்டார் என்பது.

பழைய ஏடு:

சத்திய சாட்சி அவர்கள் சொல்கிற ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிகன் ஜெபப்புத்தகத்தில் அடக்க ஆராதனைக்கு முன்னால் ஒரு குறிப்பு இருக்கிறது: ஞானஸ்நானம் பெறாதவர், சபைநீக்கம் செய்யப்பட்டவர், தன்னைத் தானே மாய்த்துக்கொண்டவர், இந்த மூவருக்கும் இந்த ஆராதனை கிடையாது. எஸ்.பி.ஜி. பகுதிகளில் அது ஊறிப்போனது. சி.எஸ்.ஐ. 1963லேயே தனக்கென்று வழிபாட்டுப் புத்தகம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் கமிட்டிகளின் மனதில் 1662தான் ஆட்சி செய்கிறது.

மூக்கையூரான்:

நாங்கள் கத்தோலிக்கர், இருந்தாலும் சொல்கிறேன். எங்களிடமும் 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இந்தத் தடை இருந்தது, 1983ல் வந்த புதுச் சட்டத்தில் அது இல்லை. உங்கள் ஐயர் தவறு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடக்கம் எப்படி நடந்தது, எங்கே வைத்தீர்கள்?

கடலோரத்தான்:

ராமநாதபுரத்தில் வாடகை வீட்டில் இருந்தார்கள். நெஞ்சுவலி என்று சொன்னாராம், ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐயரம்மாதான் ஊருக்குப் போன் போட்டார். "உங்க ஐயர கூட்டிட்டு வரவா?" என்று கேட்டார், வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பங்குனி, பதநீர் உச்சத்தில் இருக்கிற நேரம். ஒரு நேரம் பாளை சீவாமல் விட்டாலும் ஊறல் குறையும். அடக்கம் காலை பத்து மணிக்கு என்றதும் எங்கள் ஆட்கள் நிலா வெளிச்சத்தில் மரம் ஏறி, இறக்கி, விடிலியில் ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். பெட்டியைத் தோளில் வாங்க அடிதடி மாதிரி ஆகிவிட்டது. பக்கத்துச் சேகரத்து ஐயர்மார்கள் கொஞ்சம் பொறுங்கள் பொறுங்கள் என்று கத்த வேண்டியிருந்தது. தூக்கியவர்கள் கைகளைப் பார்த்தேன், முழங்கை வரை மரம் உரசிக் காய்த்துப்போன தழும்பு.

இடத்தைப் பற்றித்தான் பேச்சு வந்தது. ஆலயத்தை ஒட்டி, மணிக்கூண்டுக்குக் கீழே வைக்கலாம், குருவானவருக்கு அதுதான் மரியாதை என்று கமிட்டி குழி தோண்ட ஆள் அனுப்பிவிட்டது. ஐயரம்மா வேண்டாம் என்றார். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் முன்பெல்லாம் இந்தக் குடும்பத்துக்கு இந்த மூலை, அந்தக் குடும்பத்துக்கு அந்த மூலை என்று இருந்தது, மூலை என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஐயர் இரண்டாவது தடவை வந்தபோது அதை மாற்றினார். யார் இறந்தாலும் வரிசையில் அடுத்த குழி. பணக்காரர் வீட்டுச் சாவில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. "இத்தனை பேர வரிசையில வச்சிட்டு அவரு மட்டும் தனியா போய்ப் படுப்பாரா?" என்று ஐயரம்மா கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. வரிசையில்தான் வைத்தோம். இடது பக்கம், மாசியில் காய்ச்சலில் இறந்த ஒரு சின்னப் பிள்ளை. வலது பக்கம் அப்போது காலி, ஆடியில் எங்கள் பெரியம்மா போய்ச் சேர்ந்தார்.

தம்மாம் ஜெபா:

சவுதியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அவர். வரிசையில் வைத்தது சரி, ஆனால் ஒரு மார்பிள் கல் கூட இல்லாமல் விடலாமா? கிரானைட்டில் நல்ல கல்லாகப் போடுகிறேன், முழுச் செலவும் என்னுடையது. உபயம் என்று என் பெயர் கூட வேண்டாம்.

பரமக்குடி நண்பன்:

போடுங்கள் தம்பி. அடையாளம் வேண்டும். புறம்போக்கு நிலத்தில் கல் இல்லாத கல்லறை சீமைக்கருவை மண்டினால் பத்து வருஷத்தில் காணாமல் போய்விடும். இது பெருமைக்காகச் சொல்வதில்லை.

குருமனைப் பிள்ளை:

அந்த அம்மா இப்போதும் வாடகை வீட்டில்தானே? கிரானைட்டுக்குப் போகிற பணம் முதலில் அங்கே போகட்டும். இதை நான் கோபத்தில் எழுதவில்லை. எங்கள் அம்மாவின் கடைசி வருஷங்களைப் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

தம்மாம் ஜெபா:

அக்கா சொல்வது சரி. ஐயரம்மாவிடம் பேசுகிறேன். ஆனாலும் கல் வேண்டும் என்றுதான் இன்னமும் எனக்குத் தோன்றுகிறது. ஊருக்கு வரும்போது எங்கே போய் நிற்பது?

கடலோரத்தான்:

மலர்க்குழுவிடம் மறுபடி பேசினேன். ஒரு யோசனை சொன்னேன், அரைமனதாகச் சரி என்றிருக்கிறார்கள்.

ஆலய பீரோவில் பழைய பதிவேடுகள் இருக்கின்றன, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்று மூன்று வகை. அடக்கப் பதிவேட்டில் பெயர், வயது, தொழில், இறந்த நாள், அடக்கம் செய்த நாள், செய்த குருவின் கையெழுத்து. எங்கள் ஐயர் காலத்துப் பக்கங்களைப் புரட்டினேன். பனையேறி, பனையேறி, கூலி, பாசி எடுப்பவர், பள்ளிப்பிள்ளை, பனையேறி, கரிமூட்டக் கூலி. அந்தக் கடன்பட்ட மனிதரின் வரியும் மற்ற வரிகள் போலவே இருக்கிறது, தொழில் பனையேறி, வேறு குறிப்பில்லை. தொழில் என்ற இடத்தில் பெண்களுக்கு மற்ற குருமார் எல்லோரும் கோடு போட்டிருக்கிறார்கள் அல்லது இன்னார் மனைவி என்று எழுதியிருக்கிறார்கள். இவர் மட்டும் "கருப்பட்டி காய்ச்சுபவர்" என்று எழுதியிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் அதே கையெழுத்து.

இந்தப் பெயர்களை மலரில் அவர் பெயருக்கு எதிரே அச்சடிக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அவர் ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், தாலி எடுத்துக் கொடுத்து நடத்திய கல்யாணங்கள், மண்ணில் வைத்தவர்கள், எல்லோரும். இடம் அதிகம் பிடிக்கும் என்கிறார்கள். பிடிக்கட்டும். மணிக்கூண்டுக்கு வண்ணப் படம் போட இடம் இருக்கிறதே. ஐயரம்மாவுக்குத் தனிப் பக்கம் என்பதையும் சொல்லிவிட்டேன் அக்கா, அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

ஒரு சிக்கல். அவர் முதல் தடவை இருந்த காலத்து அடக்கப் பதிவேட்டில் நடுவே பல தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. அந்த வருஷங்களில் எங்கள் கிராம சபைகளில் இறந்தவர்களின் குடும்பத்தார் இங்கே இருந்தால், வீட்டுப் பழைய வேதாகமத்தின் முன்பக்கத் தாள்களைப் பாருங்கள். பெரியவர்கள் பிறப்பு இறப்புத் தேதிகளை அதில்தான் எழுதி வைப்பார்கள். பெயர், வயது, தேதி, தொழில் நாலும் இருந்தால் போதும். தனிச் செய்தியில் அனுப்புங்கள், பொதுவில் போட வேண்டாம்.

கீழக்கரை ரஹ்மத்:

வேனில் கொண்டுபோனவர் பிற்பாடு இறந்ததும் உங்கள் ஐயர் இருந்த காலத்தில்தான். வாப்பாவின் கடைக் கணக்கு நோட்டில் அந்தத் தேதி இருக்கிறது, அன்றைக்குக் கடை அடைப்பு என்று எழுதியிருக்கிறார். படம் எடுத்துத் தனிச் செய்தியில் அனுப்பிவிட்டேன், பாருங்கள்.

கடலோரத்தான்:

வந்தது பாய். அந்தத் தாள் கரையான் தின்ற பகுதியில்தான் இருந்தது. பட்டியலில் சேர்த்துவிட்டேன்.